ஆச்சுக்காரி

"ஏ ஆச்சுக்காரி! சின்னவனுக்குத் தண்ணி சுட வச்சியா இல்லையா?"

மாமியார் உள்ளேயிருந்து போட்ட சத்தம் பட்டறை வாசல் தாண்டித் தெருவரை போனது. பஞ்சர் போட வந்து காத்திருந்த ஆள், "யாரு சார் அது ஆச்சுக்காரி? வேலைக்கார அம்மாவா?" என்று கேட்டான்.

மெக்கானிக் குனிந்த தலை நிமிராமல், "என் வீட்டுக்காரி" என்றான்.

அந்த ஆள் டயரையே உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அவள் தண்ணீரை எப்போதோ சுட வைத்துவிட்டாள். பதில் சொன்னால் என்ன சொல்ல வேண்டும்? 'ஆச்சு' என்றுதான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் மாமியார் கேட்கிறாள் என்று தெரியும். அதனால் பேசாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வீடு ஒன்றுதான். முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம். நடுவே ஒரே கதவு. அதைச் சாத்தினால் பின்பக்கம் காற்று வராது என்று யாரும் சாத்துவதில்லை. அடுப்படியில் கரண்டி விழுந்தால் பட்டறையில் கேட்கும். பட்டறையில் நட்டு கை தவறினால் உருண்டு அடுப்படிக்கே வந்துவிடும். தகரக் கூரை. வெயில் காலத்தில் உள்ளே நிற்பவர்களை அவித்து எடுக்கும். மழை பெய்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அந்த வீட்டில் கொஞ்சம் நிம்மதியான பொழுது என்றால் அதுதான்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு ஸ்பேனருக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் வித்தியாசம் தெரியாது. பட்டறையில் இருந்த வேலையாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கடைக்குப் போய்விட்டான். "கொஞ்சம் டார்ச் பிடி" என்று கூப்பிட்டான் புருஷன். டார்ச் பிடித்த கை ஒரு நாள் நட்டு எடுத்துக் கொடுத்தது. இன்னொரு நாள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியது. அவளுக்குச் சின்னக் கை. என்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மெக்கானிக்கின் முரட்டு விரல் போகாத இடத்துக்கெல்லாம் அது சுலபமாகப் போய்வரும். வருஷம் போகப் போக, ஸ்கூட்டர் கொண்டுவரும் பெண்கள் வாசலில் நின்றபடியே, "அக்கா இருக்காங்களா?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

மாமியாருக்கு அது ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் காது கேட்கவே சொல்லுவாள்: "நேத்து சோத்துல கல்லு கிடக்குதேன்னு துப்பினேன். டங்குன்னு சத்தம் கேக்குது. பாத்தா நட்டு!"

புருஷன் அதிகம் பேசாதவன். ஆனால் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். பட்டறைக்குப் பக்கத்தில் இன்னொரு ஷட்டர் பூட்டிக் கிடந்தது. "தம்பி ஒரு ரேஸ் டீம்ல சேந்துட்டான்னா எனக்கு பாரம் குறைஞ்சிடும். அப்புறம் அந்த ஷட்டரைத் திறந்திடலாம். ஸ்கூட்டர் பூரா உன் பொறுப்பு. நான் தலையிட மாட்டேன்."

அவள் அந்த ஷட்டருக்குள் பெஞ்சு எங்கே போடுவது, விளக்கு எங்கே தொங்கவிடுவது என்று மனசுக்குள்ளேயே பலமுறை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டாள். பாத்திரம் தேய்க்கும்போது அதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு.

தம்பி என்பது புருஷனின் தம்பி. கூட்டாளிகள் வைத்த பெயர் ராக்கெட். மாமியாருக்குக் காலம் கடந்து பிறந்த பிள்ளை. அவன் தும்மினால் மாமியாருக்கு ஜலதோஷம் பிடிக்கும். அவனிடம் ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் வண்டி இருந்தது. நூற்றைம்பது சிசி. யாரோ ஓட்டிக் களைத்து விற்றதை வாங்கி, அண்ணனும் அண்ணியும் சேர்ந்து எலும்பு எலும்பாகக் கழற்றிப் பூட்டினார்கள். ஹேண்டிலைத் தாழ இறக்கினார்கள். கால் வைக்கும் கட்டையைப் பின்னால் தள்ளினார்கள். பின் சக்கரத்துப் பல்சக்கரத்தை மாற்றினார்கள். ஊருக்கு வெளியே பாழாய்க் கிடந்த பழைய விமான ஓடுதளத்தில் பையன்கள் கூடி வண்டி விடுவார்கள். ஒரு பைக் ஷோரூமிலிருந்து சிலர் அங்கே வந்து, தங்கள் டீமுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதற்காகக் கடைசியாக ஒரு வேலை: பெரிய வண்டியின் முன் பிரேக்கை இந்தச் சின்ன வண்டியில் ஏற்றுவது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பாதி வேலையில் யாராவது எழுந்து போனால், இறுக்காத போல்ட்டின் மேலேயே ஸ்பேனரை மாட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போக வேண்டும். ஸ்பேனர் தொங்கினால் வண்டி நகரக் கூடாது. தொங்கவில்லை என்றால் வேலை முடிந்தது. மெக்கானிக் தன் குருநாதரிடம் கற்ற பழக்கம் என்று பெருமையாகச் சொல்லுவான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட அது தவறியதில்லை.

அன்றைக்குக் காலையில் பிரேக்கைப் பூட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். இரண்டு போல்ட்டையும் கையால் முடுக்கி வைத்திருந்தாள். யாராவது ஹேண்டிலில் பிரேக்கை அழுத்திப் பிடித்து, பிரேக் கட்டைகள் சக்கரத்து டிஸ்க்கை நேராகக் கவ்விய பிறகுதான் முழு டைட் கொடுக்க வேண்டும். புருஷனைக் கூப்பிட நிமிர்ந்தாள். அவன் தெருமுனையில் யாருடைய வண்டியையோ உதைத்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தான்.

"ஏண்டி! அடுப்புல தீயுது! மூக்கு அடைச்சுப் போச்சா உனக்கு?" என்று மாமியார் கத்தினாள்.

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை மேல் போல்ட்டில் மாட்டித் தொங்கவிட்டுவிட்டு அவள் உள்ளே ஓடினாள்.

பானையை இறக்கி, அடி பிடித்ததைச் சுரண்டி, அடுப்பை அணைக்கும்போது பட்டறையிலிருந்து புருஷன் குரல் கேட்டது.

"ஆச்சா?"

ராக்கெட் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அதைத்தான் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆச்சு!"

தட்டு வைத்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தால், வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. தெருக்கோடியில் சைலன்சர் சத்தம் தேய்ந்துகொண்டிருந்தது.

"எங்கங்க வண்டி?"

"போயிட்டான். சாப்பாடு வேண்டாமாம். நேரமாச்சாம்."

"முன் பிரேக் கைடைட்ல தாங்க இருக்கு!"

மெக்கானிக் அவளைப் பார்த்தான். "நீதானே ஆச்சுன்னே?"

"சோறு ஆச்சுன்னு சொன்னேன்! ஸ்பேனரைத் தொங்கவிட்டுட்டுத்தானே போனேன்?"

"ஸ்பேனர் எதுவும் தொங்கலையே..."

போனைப் போட்டான். ஹெல்மெட்டுக்குள் இருப்பவனுக்கு எங்கே கேட்கும்? ஒரு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு விரட்டினான். ஓடுதளம் வரை போக வேண்டியிருக்கவில்லை. மார்க்கெட் வளைவில் கூட்டம் நின்றது. ஒரு போல்ட் கழன்று, பிரேக் அப்படியே திரும்பி சக்கரத்துக்குள் மாட்டியிருந்தது. முன் சக்கரம் ஆணியடித்தது போல் நின்றுவிட்டது. ஆளைத் தூக்கியெறிந்த வண்டி, போகிற போக்கில் அவன் இடது கணுக்கால் மேல் படுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் கேட்ட முதல் கேள்வி, 'பிள்ளை எப்படி இருக்கான்' என்பதல்ல.

"யாரு மாட்டினது அந்த பிரேக்கை?"

மெக்கானிக் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நான் கேட்டேம்மா. ஆச்சுன்னு சொன்னா."

எது ஆச்சு என்று அவன் சொல்லவில்லை. அன்றைக்கே அவளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

ராக்கெட்டின் பையை அவன் கூட்டாளிகள் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார்கள். கையுறை, தண்ணீர்ப் பாட்டில், ஒரு துண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர். ஒரு முனையை அவளே சாணை பிடித்து மெல்லிசாக்கியிருந்தாள். ஆயிரம் ஸ்பேனருக்கு நடுவே போட்டாலும் அவளுக்குத் தெரியும். ஓடுதளத்தில் செயின் தளர்ச்சி பார்க்க எடுத்துப் போட்டிருக்கிறான். எங்கே தொங்கியது, ஏன் தொங்கியது என்று பார்க்காமல், ஆணியில் மாட்டிய சட்டையை எடுப்பதுபோல் எடுத்திருக்கிறான்.

அதை ஆஸ்பத்திரி மாடிப்படியிலேயே புருஷனிடம் காட்டினாள். அவன் வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"இதைப் பேசற நேரமா இது?"

அதைப் பேசுகிற நேரம் அப்புறம் வரவே இல்லை.

கணுக்காலுக்குள் தகடு வைத்து மூட்டையே சேர்த்து இறுக்கிவிட்டார்கள். நடக்கலாம், ஆனால் பாதம் இனி வளையாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் மாமியார் நடுக்கதவில் நின்று சட்டம் போட்டாள்: "இவ இனிமே இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது. தாண்டினா நான் என் சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போய்ச் சாவேன்."

மெக்கானிக், "சரிம்மா" என்றான்.

அதோடு சரி. பக்கத்து ஷட்டர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டர் பெண்கள் கொஞ்ச நாள் கேட்டார்கள். பிறகு வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். பட்டறையில் புருஷன் வால்வ் சரிபார்க்கும் டிக்டிக் சத்தம் அடுப்படிக்குக் கேட்கும். இன்னும் ஒரு மயிரிழை இறுக்க வேண்டும் என்று அவள் கை தானாகத் திரும்பும். கையில் கரண்டி இருக்கும்.

ராக்கெட்டைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, காலுக்கு எண்ணெய் தேய்ப்பது எல்லாம் அவள் வேலை. "கெடுத்தவளே பாக்கட்டும்" என்பது மாமியார் தீர்ப்பு.

அவன் அவள் முகத்தைப் பார்க்க மாட்டான். கால் வலி மாத்திரையில் ஞாபகம் எல்லாம் கலங்கிப் போயிருக்கும் என்றுதான் முதலில் அவள் நினைத்தாள். ஒரு நாள் வேண்டுமென்றே தண்ணீரை விளாவாமல், கொதிக்கக் கொதிக்க அவன் தோளில் ஊற்றினாள். தோல் சிவந்தது. தண்ணீர் கொஞ்சம் ஆறிப்போனாலே கூரை இடிய அலறுகிறவன், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு 'ஸ்' கூடச் சொல்லவில்லை.

இவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த சொம்பையும் அப்படியே ஊற்றினாள்.

மழைக்காலம் ஆரம்பித்தபோது அவன் ஊன்றுகோல் பிடித்துப் பட்டறைவரை நடக்கத் தொடங்கினான். பட்டறை மூலையில் வண்டிமேல் போர்த்தியிருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பான். மறுபடியும் மூடுவான். அண்ணன் அதை ஏதோ ஒரு நாள் கையோடு சரிபண்ணி வைத்திருந்தான், விற்பதற்காக. ராக்கெட் விற்க விடவில்லை.

ஒரு மத்தியானம் மாமியார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். மெக்கானிக் ஸ்பேர் வாங்கப் போயிருந்தான். ராக்கெட் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி."

"சாப்பாடு இன்னும் இறக்கலை."

"சாப்பாடு இல்லை. ஒண்ணு கேக்கணும். கியரை மேல தூக்கணும்னாத்தான் பாதம் வளையணும். மிதிக்கிறதுக்கு வளைய வேண்டியதில்லை. முட்டியிலேருந்து காலை இறக்கினா போதும்."

அவள் திரும்பவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது. கொஞ்ச நாளாக அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பழைய வண்டிகளில் முன்னாலும் பின்னாலும் மிதிக்கிற கியர் லீவர் உண்டு. முன்னால் மிதித்தால் கியர் இறங்கும், பின்னால் மிதித்தால் ஏறும். அதை வெட்டி வளைத்து இந்த ஸ்போர்ட்ஸ் வண்டியில் ஏற்றினால்...

"உங்க அண்ணன்கிட்ட கேளு."

"கேட்டேன். 'அம்மா என்னைக் கொன்னுடுவா, ஆளை விடு'ன்னுட்டான்."

"என்னை மட்டும் கொஞ்சுவாங்களா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "அண்ணி, இந்த வண்டியில ஒரு தடவை உக்காந்து தெருவைத் தாண்டிட்டா போதும். இல்லைன்னா நான் இந்தச் சுவரைப் பாத்துக்கிட்டே பைத்தியமாயிடுவேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"செய்யறேன். ஆனா ஸ்பேனரை எடுத்தது யாருன்னு உங்கம்மா முன்னாடி நீ சொல்லணும். உங்கண்ணன் முன்னாடியும்."

அவன் முகம் சாம்பல் பூத்தது.

"தொங்குதுன்னு தோணலை அண்ணி. கைக்கு வந்துது, எடுத்துட்டேன். ரோட்டுல விழுந்து கிடக்கும்போதுதான்... பையில இருக்கேன்னு..."

"இதை என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? எனக்கு ஆஸ்பத்திரியிலேயே தெரியும்."

"சொல்றேன். முதல்ல செஞ்சு குடுங்க."

"செஞ்சு குடுப்பேன். ஓட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி சொல்லணும்."

"சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேண்டாம். அதை வச்சு நான் என்ன பண்றது?"

அன்றைக்கே பழைய இரும்புக் குவியலில் கையை விட்டாள். துருப்பிடித்த ஒரு நீள லீவர் கிடைத்தது. தேய்த்து, அளந்து, சாக்பீஸில் கோடு போட்டு, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெல்டிங் கடைக்குப் போனாள்.

வெல்டிங் கடைக்காரர் அதை முன்னும் பின்னும் பார்த்தார். "என்ன தங்கச்சி இது? கரண்டியா?"

"ஆமாண்ணே. பெரிய குடும்பம்."

"இதால அடிச்சா ஆள் பிழைக்காதே."

"அதுக்குத்தான் கொஞ்சம் வளைக்கச் சொல்றேன்."

அவர் சிரித்துக்கொண்டே வளைத்துக் கொடுத்தார்.

முதல் தடவை லீவரின் பின்கை கால் வைக்கும் கட்டையில் இடித்தது. பின்னால் தள்ளி வைத்திருந்த கட்டையை மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். இரண்டாம் தடவை லீவர் என்ஜின் மூடியில் உரசியது. மறுபடி கழற்றி, மறுபடி முந்தானை, மறுபடி வெல்டிங் கடை. மெக்கானிக் வெளியே போய், மாமியார் தூங்கும் மத்தியானங்களில் ராக்கெட் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டார்ச் பிடித்தான். மழை தகரத்தில் கொட்டியது. அவர்கள் பேசுவது யாருக்கும் கேட்காது.

"கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு. அங்க இல்லை. உன் அழகை நீயே பாத்துக்கறியா என்ன?"

"நீங்க டார்ச் பிடிச்ச காலத்துல அண்ணன் இப்படித்தான் திட்டுவானா?"

"இதைவிட மோசம். ஒரு தடவை டார்ச்சைப் பிடுங்கி என் தலையிலேயே தட்டினாரு. பல்பு போச்சு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நகக்கண்ணில் கிரீஸ் ஏறியதைக் கழுவாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மாமியார் "ஆச்சுக்காரி" என்று கூப்பிட்டதுகூட அவ்வளவாக உறைக்கவில்லை. எல்லாம் தீரப் போகிறது என்றிருந்தது. அவன் சொல்வான். மாமியார் வாய் அடைத்துப் போவாள். புருஷன் தலைகுனிவான். கதவு திறக்கும். பக்கத்து ஷட்டரும் திறக்கும். பெஞ்சை ஜன்னல் பக்கமே போட்டுவிடலாம்.

லீவர் சரியாக உட்கார்ந்த நாளில் மழை விட்டிருந்தது. பின் சக்கரம் தரையில் படாமல் சுழலட்டும் என்று வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினாள். தோள் கொடுத்து அவனை மேலே ஏற்றினாள். உயரமாக இருந்தது. அவன் குழந்தை மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தான்.

"ஸ்டார்ட் பண்ணு. கிளட்சைப் பிடி. முன்னால மிதி."

மிதித்தான். 'டக்' என்று முதல் கியர் விழுந்தது. பின் சக்கரம் சுழன்றது.

"இப்பப் பின்னால. பாதத்தை விட்டுடு. முட்டியிலேருந்து இறக்கு."

'டக்.' இரண்டு. 'டக்.' மூன்று. கடைசிக் கியர் விழுந்தபோது என்ஜின் பாடியது. அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏறுது அண்ணி! எல்லாம் ஏறுது!"

சத்தம் கேட்டு மாமியார் எழுந்து வந்தாள். தலைமுடி ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. பிள்ளை வண்டிமேல் உட்கார்ந்திருப்பதையும், மருமகள் வாசப்படி தாண்டி நிற்பதையும் ஒரே பார்வையில் பார்த்தாள்.

"அடிப்பாவி! ஒரு கால் பத்தலையா உனக்கு? இன்னொண்ணும் வேணுமா?"

அதே நேரம் மெக்கானிக் ஸ்பேர் பையோடு வாசலில் வந்து நின்றான். "ஏய், என்ன நடக்குது இங்க?"

அவள் ராக்கெட்டைப் பார்த்தாள்.

அவன் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினான். பட்டறை அமைதியாகிவிட்டது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

"அம்மா, அன்னிக்கு அண்ணி மேல தப்பில்லை. ஸ்பேனரை அவங்க தொங்கத்தான் விட்டிருந்தாங்க. நான்தான் எடுத்துப் பையில போட்டேன். செயின் பாக்கறதுக்கு. பாக்காம எடுத்துட்டேன். சொல்லப் பயந்துக்கிட்டு இத்தனை நாள் இருந்துட்டேன். அவங்களை இனிமே அப்படிக் கூப்பிடாதே."

சொல்லி முடித்துவிட்டான். நல்லபடியாகவே சொன்னான். எதையும் விழுங்கவில்லை.

அவள் மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது உடையும், கோணும், அல்லது வெடிக்கும் என்று காத்திருந்தாள்.

மாமியார் அவிழ்ந்த முடியை நிதானமாக அள்ளி முடிந்துகொண்டாள்.

"இதைச் சொல்லத்தான் இவ்வளவு கூத்தா? எனக்குத் தெரியாதா? நான் நடுக்கதவுலதானே நின்னுக்கிட்டிருந்தேன். நீ எடுத்ததை என் கண்ணாலதானே பாத்தேன்."

"தெரியுமா?" என்றாள் அவள். "தெரிஞ்சுமா அத்தை..."

"பின்ன என்னடி பண்ணச் சொல்றே? படுத்துக் கிடக்கிறவன்கிட்ட போய், உன் காலை நீயேதான் உடைச்சுக்கிட்டேன்னு சொல்லவா? அவன் மனசு விட்டுப் போய் ஏதாவது பண்ணிக்கிட்டான்னா? பெரியவனைச் சொல்லவா? இந்தக் கடையை நம்பித்தான் எல்லாரும் சாப்பிடறோம். மெக்கானிக் கவனக்குறைவுன்னு வெளிய பேச்சு வந்தா ஒருத்தன் வண்டி விடுவானா? யார் தலையிலயாவது இறக்கித்தானே ஆகணும்? உன்னைச் சொன்னா நீ அழுவே. அழுதுட்டுப் பாத்திரம் தேய்ப்பே. அவ்வளவுதானே?"

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் பையிலிருந்த ஸ்பேர் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெஞ்சில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"நீங்க?"

"ஸ்பேனரைத்தான் நீ அன்னிக்கே காட்டினியே. விடு. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். தெரிஞ்சு இப்ப என்ன, கால் வளையப் போகுதா?"

எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவள் இத்தனை மாதம் நெஞ்சுக்குள் பொத்தி வைத்து, வெட்டி, வளைத்து, பற்றவைத்து வாங்கிய ஒரு வாக்கியம் இந்த வீட்டில் எல்லோரிடமும் ஏற்கெனவே இருந்திருக்கிறது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. அவ்வளவுதான்.

மாமியார் முகம் கழுவப் போகிறவள் போலத் திரும்பினாள். "அடுப்பைப் பத்த வை. பேசிக்கிட்டே நிக்காதே."

அவள் அடுப்படிக்குப் போகவில்லை. பெஞ்சிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தாள். வண்டிக்குப் பக்கத்தில் மண்டி போட்டாள்.

"என்ன அண்ணி? இன்னும் டைட் வைக்கணுமா?" என்றான் ராக்கெட்.

போல்ட் இடப்பக்கம் திரும்பியது. அவன் குனிந்து பார்த்தான்.

"அண்ணி? கழட்டறீங்களா? அண்ணி, நான் சொல்லிட்டேனே!"

"சொன்னே."

"நீங்க சொன்னபடியே சொன்னேனே! ரெண்டு பேர் முன்னாடியும்!"

"சொன்னே. நல்லாத்தான் சொன்னே. அதுல ஒண்ணும் இல்லையாம். நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

லீவர் கியர் தண்டின் பல்லைவிட்டு வர மறுத்தது. அவள் செய்த வேலை அப்படி. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தாள். அவன் அவள் கையைப் பிடிக்கக் குனிந்தான். வளையாத கால் கட்டையில் இடித்தது. எட்டவில்லை. "அண்ணி வேண்டாம் அண்ணி. இது ஒண்ணுதான் அண்ணி எனக்கு. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்..."

வந்துவிட்டது. எழுந்து போய் அதைப் பெஞ்சு வைஸின் இரும்புத் தாடைக்குள் இறுக்கினாள். சம்மட்டியால் ஓங்கி அடித்தாள். வெல்டிங் வைத்த இடத்தில் பின்கை முறிந்து தரையில் விழுந்தது.

ராக்கெட் கத்தவில்லை. தலையைப் பெட்ரோல் டாங்கின் மேல் கவிழ்த்துக்கொண்டான். முதுகு மட்டும் குலுங்கியது.

திரும்பியவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் நடுக்கதவிலேயே நின்றிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் பார்க்காத ஒன்று இப்போது இருந்தது. திருப்தி.

"இப்பத்தான் இந்த வீட்டுப் பொம்பளையா நடந்துக்கிட்டே" என்றாள் மாமியார். "என் பிள்ளை வண்டி ஏறாம இருந்தா போதும். எனக்கு வேற என்ன வேணும்? நாலு நாள் அழுவான், அப்புறம் சரியாயிடுவான். பெரியவனே, இனிமே இவ கடையில நின்னா நிக்கட்டும்டா. நான் ஒண்ணும் சொல்லலை."

மெக்கானிக் பொட்டலம் அடுக்குவதை நிறுத்தினான். தாயைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். பெரிய பாரம் ஒன்று இறங்கியவன் போல மூச்சு விட்டான். ஆணியில் தொங்கிய சாவிக் கொத்தை எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

"பக்கத்து ஷட்டர் துருப்பிடிச்சுக் கிடக்கும். எண்ணெய் விட்டுத் திற. நாளைக்கு ரெண்டு ஸ்கூட்டர் வருது."

அவள் வாங்கிக்கொண்டாள். எண்ணெய் டப்பாவையும் எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி" என்றான் ராக்கெட், தலையை நிமிர்த்தாமலே. "என்னை இறக்கிவிட்டுட்டுப் போங்க."

ஸ்டாண்டில் வண்டி உயரமாக நின்றது. ஊன்றுகோல் சுவரோரம் கிடந்தது. ஒரு தோள் இல்லாமல் அவனால் இறங்க முடியாது.

மாமியார், "முதல்ல அடுப்பைப் பாக்கறேன்" என்று உள்ளே போனாள். மெக்கானிக் பொட்டலங்களைப் பிரிக்க ஆரம்பித்தான். அவள் வெளியே போய், பக்கத்து ஷட்டரின் பூட்டில் எண்ணெய் ஊற்றினாள். ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

உள்ளேயிருந்து அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

சாவியைப் போட்டுத் திருப்பினாள். பூட்டு திறந்துகொண்டது.